புதுப்பித்த பிளெண்டரும் எங்கள் வீட்டுப் பருத்திப்பாலும்

புதிதாக வாங்கினால் 40,000 ரூபாயைத் தாண்டும் பிளெண்டர் ஒன்று, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற சீட்டோடு 25,000 ரூபாய்க்குக் கிடைத்தால் அதை மலிவு என்பதா, பழைய மோட்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை என்பதா? மூன்று ஆண்டுகளில் இப்படிப்பட்ட கருவிகள் இரண்டை நான் வாங்கிவிட்டேன். ஒன்று மதுரை அண்ணா நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்கிறது. மற்றொன்று பரணில் கிடக்கிறது. இரண்டையும் பற்றிச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பரணில் கிடப்பது இணையத்தில் வாங்கியது. புது விலையில் பாதி, அதாவது 9,000 ரூபாய். வந்து இறங்கியபோது பளபளவென்றிருந்தது. ஜாரில் ஒரு கீறல் இல்லை. பெட்டிக்குள் மூன்று மாத உத்தரவாதச் சீட்டும் இருந்தது. நான்காம் மாதத்தில் ஒரு நாள் வெங்காயமும் தக்காளியும் அரைத்துக்கொண்டிருந்தபோது, ஜாரின் அடியிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தது. உத்தரவாதம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்ததால், விற்றவரிடமிருந்து மன்னிப்புக் கேட்கும் பதில் ஒன்று மட்டுமே வந்தது. சிம்மக்கல் பக்கத்தில் மிக்சி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டையும் வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக்கூட அவை மிச்சமில்லை. அந்தச் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் தலையில், பிரஷ் உரசும் செப்புப் பட்டைகள் இரண்டு இடங்களில் கரிந்து குழி விழுந்திருந்தன. “அண்ணே, இது ரிப்பேர் பார்த்த மெஷின் இல்ல, குளிப்பாட்டி விட்ட மெஷின்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. படிப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும். புதுப்பிப்பு என்ற சொல்லுக்குச் சந்தையில் குறைந்தது இரண்டு பொருள்கள் உண்டு. வாங்கியவர் சில நாளில் திருப்பி அனுப்பிய கருவியைத் தயாரித்த நிறுவனமே பிரித்துப் பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, சோதித்து, தன் பெயரில் உத்தரவாதம் கொடுத்து விற்பது ஒன்று. யாரோ பயன்படுத்திய கருவியை இடையில் ஒருவர் வாங்கித் துடைத்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்பது மற்றொன்று. விலை உயர்ந்த கருவி என்பதால் இரண்டாவது முதலாவதாக மாறிவிடாது. சொல்லப்போனால், கருவியின் பெயர் பெரிதாக இருக்கும்போதுதான் துடைத்து விற்பதில் ஆதாயம் அதிகம்.

நேரில் பார்த்து வாங்க வாய்ப்பிருந்தால் கவனிக்க வேண்டியவற்றை அந்தத் தம்பியே சொல்லித் தந்தார். ஜாரில் ஒன்றும் போடாமல் ஓட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு, காற்றுத் துளைகளின் வழியே உள்ளே பார்க்க வேண்டும். பிரஷ் உரசும் இடத்தில் சிறு பொறி எல்லா மோட்டாரிலும் தெரியும், ஆனால் அது வட்டமாகச் சுற்றி எரிந்தால் அந்த மோட்டார் தன் நல்ல காலத்தைக் கடந்துவிட்டது. ஜாரில் தண்ணீர் ஊற்றி ஒரு வெள்ளைத் துணியின் மேல் பத்து நிமிடம் வைத்தால், பிளேடுக்கு அடியில் அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கருப்பாகக் கசிந்தால் அந்த ஜார் சமையலுக்கு ஆகாது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரை விரலால் அசைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அதில் ஆட்டம் இருந்தாலும் பயமில்லை, அது மாற்றக்கூடியது. ஆர்மேச்சர் போய்விட்டால் போனதுதான்.

இரண்டாவது கருவி வேறு சாதி. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் வாங்கி வந்த வைட்டமிக்ஸ் 5200. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த வைட்டமிக்ஸ் நிறுவனம் 1921இல் தொடங்கி, 1937இல் தன் முதல் பிளெண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரும்பி வந்த கருவிகளைத் தானே சரிபார்த்து, குறைந்த விலைக்கு, உத்தரவாதத்தோடு விற்பதும் அதன் வழக்கம். ஏறக்குறைய 300 டாலர் கொடுத்து அப்படி வாங்கியதுதான் இது. நம் பணத்தில் 25,000 ரூபாய். புதிதல்ல என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஐந்தாண்டு உத்தரவாதமும் உண்டு, ஆனால் அந்த ஐந்து ஆண்டுகள் அங்கே இருப்பவர்களுக்கு. கருவி மதுரைக்கு வந்த நாளிலேயே அந்தக் காகிதம் வெறும் காகிதமாகிவிட்டது.

அடுத்த சங்கடம் மின்சாரம். அமெரிக்காவில் விற்கப்படும் கருவி 120 வோல்ட்டுக்கு உரியது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். நேராகச் செருகினால் பொசுங்கிவிடும். மிக்சியிலும் பிளெண்டரிலும் இருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது பெரிய விஷயமில்லை, ஆனால் வோல்ட் கட்டாயம் பொருந்த வேண்டும். கருவியின் அடியில் 11.5 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது. 120 வோல்ட்டில் அது 1,380 வாட். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போன இடத்தில், 1,000 வாட்டுக்கு உரியதே போதும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அது இரண்டே நாளில் அடுப்புக் கல்லைப் போலச் சுட்டதால், கூடுதல் பணம் கொடுத்து 2,000 வாட்டுக்கு மாற்றிக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து 4,800 ரூபாய். தூக்க ஒரு கை போதாது.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 1,380 வாட் என்றால் நம் 230 வோல்ட்டில் சரியாக 6 ஆம்பியர் வருகிறது. சாதாரணச் சுவிட்ச் போர்டில் இருக்கும் சிறிய பிளக்கின் எல்லையும் அதே 6 ஆம்பியர்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரமும் ட்ரான்ஸ்ஃபார்மர் விழுங்குவதும் அதற்கு மேல். இந்தக் கூட்டல் தெரிந்திருந்தும், கைக்கு எட்டிய சிறிய பிளக்கிலேயே ஒரு வாரம் ஓட்டினேன். பிளக்கின் வாய் பழுப்பேறிப் பிளாஸ்டிக் வாடை வந்த பிறகுதான், ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருந்த 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு மாறினேன். இன்றும் பிளெண்டர் ஓடும் நேரத்தில் ஃப்ரிட்ஜ் ஓய்வெடுக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஓட்டும் கருவி என்னதான் செய்கிறது என்பதற்கு, எங்கள் வீட்டுப் பருத்திப்பாலைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் குடித்துப் பழகியவர்களுக்கு அதன் சுவை தெரியும். வீட்டில் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். பருத்திக்கொட்டையை இரவு முழுக்க ஊற வைத்து, பஞ்சும் அழுக்கும் போகும்வரை நாலைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவி, பிறகு அரைத்துப் பிழிய வேண்டும். கொட்டையின் கருந்தோல் சாமானியத்தில் உடைவதில்லை. எங்கள் 750 வாட் மிக்சியில் அரைக்கும்போது, மூன்றாவது ஈட்டில் ஓவர்லோடு பட்டன் கீழே விழுந்துவிடும். மிக்சியைக் கவிழ்த்து, சிவப்புப் பட்டனை அழுத்தி, ஆறும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்குவோம். அரைக் கிலோ கொட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

வைட்டமிக்ஸின் ஜார் ஏறக்குறைய 1.9 லிட்டர். அரைக் கிலோ கொட்டை ஊறிப் பருத்த பிறகு இரண்டே ஈட்டில் முடிந்துவிடுகிறது. முதல் தடவை, வேகக் குமிழை 10 வரை திருப்பி இரண்டு நிமிடம் ஓட்டினோம். நடுவில் சுழல் ஒன்று குழி விழுந்து கொட்டையை உள்ளே இழுக்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மாவாகிவிட்டது. எங்கள் அம்மா கைதட்டாத குறை. ஆனால் துணியில் பிழிந்தபோது வந்தது பால் அல்ல, சாம்பல் பூத்த கூழ். கருந்தோலும் தூளாகித் துணியின் கண்வழியே இறங்கிவிட்டது. காய்ச்சிக் கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்த பிறகும் நாக்கில் நறநறப்பும் தொண்டையில் துவர்ப்பும் தங்கின. அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “உரல்ல ஆட்டுனா தோல் தோலாவே இருக்கும்டா, பருப்பு மட்டும் பால் விடும்” என்றார். அடுத்த வாரம் வேகத்தை 4இல் நிறுத்தி, அரை நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி அரை நிமிடம் மட்டும் ஓட்டினோம். தோல் இரண்டாக மூன்றாக உடைந்து நின்றது. பால் வெண்மையாக, கொழுப்பாக வந்தது. சேர்க்க வேண்டிய பச்சரிசியைப் பிறகு தனியாக முழு வேகத்தில் அரைத்தோம். அது விரலுக்கிடையில் தெரியாத அளவுக்கு மசிந்துவிட்டது. முக்கால் மணி நேர வேலை பத்து நிமிடமாகியது. ஓவர்லோடு என்ற பேச்சே இல்லை. வேகத்தை இப்படி ஒவ்வொரு படியாகக் குறைத்துக் கூட்ட முடிவதும், கடினமான பொருளுக்கு மோட்டார் திணறாததும்தான் இந்த விலையின் நியாயம்.

நீர் சேர்ந்த பொருள், அதிக அளவு என்ற இரண்டும் அமைந்தால் இதற்கு ஈடு எங்கள் வீட்டில் வேறில்லை. பத்துப் பேருக்கு மாம்பழச் சாறு, தக்காளி சூப், கிலோ கணக்கில் இஞ்சி பூண்டு விழுது எல்லாம் அருமை. ஆறு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினால், பிளேடின் உரசலிலேயே சூப் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாகிவிடுகிறது.

அந்தச் சூடுதான் நம் சமையலுக்கு எதிரியும்கூட. தேங்காய்ச் சட்னியைச் சற்று அதிகம் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து வெதுவெதுப்பாகிறது. உளுந்தைக் கிரைண்டரில் ஆட்டினால் பொங்கி வரும் பந்து இதில் வருவதில்லை. மாவு சூடேறிப் புளிப்பும் முந்திக்கொள்கிறது. ஆகவே இட்லி மாவுக்கு இதை நம்பி வாங்கக் கூடாது. அதைவிட அன்றாடச் சங்கடம் அளவு. அரைமூடித் தேங்காயும் நாலு மிளகாயும் போட்டால், உயரமும் குறுகலுமான அந்த ஜாரில் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுழல்கிறது. கூடவே வரும் தடியால் தள்ளிவிடலாம்தான். தள்ளுவதற்குக் குறைந்தபட்சம் பாதி ஜாராவது நிறைய வேண்டும். ஐந்து பேர் வீட்டில் காலைச் சட்னிக்கு அவ்வளவு தேங்காய் உடைப்பவர் யார்? மிளகாய், மல்லி போன்ற உலர்ந்த பொருள்களுக்குத் தனி ஜார் வாங்க வேண்டும். பொறுமையில்லாமல் மஞ்சளை இதிலேயே போட்டு நான் ஒரு தடவை அரைத்ததில், கண்ணாடி போலிருந்த ஜார் மங்கிப்போய், இன்றுவரை மஞ்சள் பூசியது போலிருக்கிறது. புது ஜார் மட்டும் 100 டாலருக்கு மேல்.

நம் ஊர் மிக்சி பிறந்த கதையே இதுதான். 1963இல் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்சர் நம் அரைப்புக்குத் தாங்காமல் எரிந்துபோனதால்தான், மசாலாவும் மாவும் அரைக்கக்கூடிய சுமீத் மிக்சியை உருவாக்கினார். சட்னிக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று, சாறுக்கு ஒன்று என்று மூன்று ஜார்கள் நமக்கு வழக்கமானது வீணாக அல்ல. வைட்டமிக்ஸின் மோட்டார் எரிகிற ரகமில்லை என்றாலும், அதன் ஜார் வேறு சமையலை மனத்தில் வைத்துச் செய்தது.

ஆக, கருவிக்கு 25,000, ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 4,800. ஏறக்குறைய 30,000 ரூபாய் செலவழித்த பிறகும், காலையில் மிக்சியின் ஒலிதான் எங்கள் வீட்டில் முதலில் கேட்கிறது. இதே பணத்தில் நல்ல 750 வாட் மிக்சி ஒன்றும் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்றும் வாங்கியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அதிக நேரம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதுதான் தேவை என்றால், 90 நிமிடம் தொடர்ந்து ஓடும் என்று சொல்லி விற்கப்படும் 900 வாட் சுஜாதா மிக்சி போன்றவையே நம் ஜூஸ் கடைகளில் நெடுங்காலமாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு பிரஷும் கப்ளரும் கீழவாசலிலிருந்து திருப்பரங்குன்றம் வரை எந்தப் பழுதுக் கடையிலும் கிடைக்கும். என் வைட்டமிக்ஸின் கப்ளர் தேய்ந்தால் மைத்துனரின் அடுத்த விடுமுறைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இதனால் இது மோசமான கருவி என்று நான் சொல்லவில்லை. சத்துக்கூழும் பழச்சாறும் விற்கும் சிறு கடைக்காரர், அல்லது வாரம் தவறாமல் பருத்திப்பாலோ பாதாம்பாலோ நிறையச் செய்யும் கூட்டுக் குடும்பம், 230 வோல்ட்டுக்கே உரிய புதுப்பித்த கருவி ஒன்று, தயாரித்த நிறுவனமே இந்தியாவில் கொடுக்கும் உத்தரவாதத்தோடு கிடைத்தால், 25,000 கொடுக்கலாம். தேவை, வோல்ட், உத்தரவாதம் என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் 12,000க்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன். உத்தரவாதம் இல்லாமல், கருவியைத் திறந்து பார்க்கவும் விடாமல், படத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் 5,000 ரூபாய்க்குக்கூட வாங்க மாட்டேன். பரணில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.