பழைய கோல்ட் பைத்தான்: சுடுவதா, பூட்டி வைப்பதா? சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1970களின் தொடக்கத்தில் கோல்ட் (Colt) நிறுவனம் செய்த பைத்தான் ரிவால்வர். 6 அங்குல பேரல், ராயல் ப்ளூ நிறம், வால்நட் மரக் கைப்பிடி. ஹூஸ்டனில் ஒரு பெரியவர் தன் சேகரிப்பைக் குறைத்தபோது வாங்கியது. இதைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இதைப் போய் சுடுறீங்களா?" என்பதுதான். ஆமாம், சுடுகிறேன், தொடர்ந்து சுடுகிறேன். ஆனால் எல்லா பைத்தானையும் சுடச் சொல்ல மாட்டேன். சிலவற்றைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்பதை அந்தத் துப்பாக்கியே காட்டிவிடும், பார்க்கத் தெரிந்தால் போதும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கோல்ட் நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 1955-இல் பைத்தானைக் கொண்டுவந்தது. அப்போதைய விலை 125 டாலர், அன்றைக்கு அது பெரிய பணம். .357 மேக்னம் தோட்டா, ஆறு அறை சிலிண்டர், பேரலின் மேல் துளையிட்ட பட்டை, அடியில் முழு நீளத்துக்கும் கனமான உலோகம். கோப்ரா, டைமண்ட்பேக், அனகோண்டா என்று பாம்புப் பெயர் வைத்த வரிசையே கோல்ட்டுக்கு உண்டு, அதில் உச்சம் இதுதான். உள்ளே இருக்கிற பாகங்களைத் தேர்ந்த தொழிலாளர்கள் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரசிப் பொருத்தினார்கள். அந்தக் கைவேலைக்கான கூலி ஏறிக்கொண்டே போனதுதான் பின்னாளில் உற்பத்தி நின்றதற்கு ஒரு முக்கியக் காரணம். 1999-இல் வழக்கமான உற்பத்தியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சில வருடம் சிறப்பு ஆர்டருக்கு மட்டும் செய்து கொடுத்தார்கள்.

ராயல் ப்ளூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது மேலே அடிக்கிற பெயின்ட் கிடையாது. எஃகை மேலும் மேலும் நுணுக்கமாக மெருகேற்றி, கண்ணாடி மாதிரி ஆனபிறகு நீலமாக்கினார்கள், மேற்பரப்பே நிறம் மாறிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் உள்ளேயிருந்து ஒரு ஆழ்ந்த நீலம் எழுந்து வரும். அந்த அடுக்கு மிகமிக மெல்லியது, போனால் போனதுதான். திரும்ப நீலமாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்படிச் செய்த துப்பாக்கியைச் சேகரிப்பவர்கள் பாதி விலைக்குக்கூடக் கேட்கத் தயங்குவார்கள்.

சரி, எப்படி முடிவெடுப்பது?

டல்லாஸில் இருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவருக்கு, பெட்டியோடு ஒரு டைமண்ட்பேக் கிடைத்தது. மரவரி அச்சிட்ட பழைய அட்டைப்பெட்டி, கையேடு, தொழிற்சாலைச் சீட்டு எல்லாம் அப்படியே இருந்தன. என்னிடம் காட்டிவிட்டு, "அண்ணே, ஒரே ஒரு சிலிண்டர், ஆறே தோட்டா மட்டும் சுட்டுப் பார்த்துடலாமா?" என்றார். சிலிண்டரைத் திறந்து முன்பக்கத்தைப் பார்த்தேன். தொழிற்சாலையில் சோதனைக்குச் சுட்டிருப்பார்கள், அதற்குமேல் ஒரு கரிப் படிவும் இல்லை. சிலிண்டரைச் சுற்றி ஓடும் கோடும் இல்லை. "வேண்டாம்ப்பா, பெட்டியிலேயே வை, சுடுறதுக்கு வேற வாங்கிக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இப்படித் தப்பிப் பிழைத்த துப்பாக்கிகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, இன்னும் ஒன்றைக் குறைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. முதல் முறை சுட்ட பிறகு அதைச் சுடாததாக மாற்ற யாராலும் முடியாது.

நான் சொன்ன கோடு எப்படி வருகிறது என்றால், சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் நிற்பதற்கு அடியில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கிறது. அது சிலிண்டரின் மேல் உரசிக்கொண்டே போய் அடுத்த பள்ளத்தில் விழும். அப்படி உரசுவதால் நீலம் போய் ஒரு வளையம் தெரிய ஆரம்பிக்கும். என்னுடையதில் வாங்கும்போதே அந்த வளையம் நன்றாகத் தெரிந்தது. பேரல் முனையில் உறையில் போட்டு எடுத்த தேய்மானம், துப்பாக்கிச் சட்டகத்தின் மேற்பகுதியில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு நேரே நெருப்பு அரித்த மெல்லிய கீறல். பெட்டியும் இல்லை. அந்தப் பெரியவர் இதைச் சுட்டு அனுபவித்திருக்கிறார். இனி நான் பூட்டி வைத்தாலும் இது பெட்டியில் இருக்கிற பைத்தானாக ஆகப் போவதில்லை. அதனால் சுடலாம் என்று முடிவெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஆனால் சுடுவதற்கு முன் பார்க்க வேண்டியது டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் சரியான நேரத்தில் பேரலுக்கு நேராக வந்து நிற்கிறதா என்பது. பழைய கோல்ட்டின் பெருமையும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சிலிண்டரைச் சுழற்றிவிடும் சின்ன உலோகத் துண்டை ‘ஹேண்ட்’ என்கிறார்கள். டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்போது அந்த ஹேண்ட், சிலிண்டரைப் பூட்டின்மேல் இறுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் சுடுகிற நொடியில் சிலிண்டரில் துளி ஆட்டமும் இருக்காது. போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ரிவால்வரில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சாதாரணம், பழைய பைத்தானில் அதுவும் கிடையாது. ஆனால் அத்தனை அழுத்தத்தையும் அந்தச் சின்னத் துண்டு தாங்குவதால் அது தேய்கிறது. தேய்ந்தால் சிலிண்டர் முழுதாகச் சுற்றி வருவதற்குள் ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்கப் பின்னாலிருந்து அடிக்கும் சுத்தி) தயாராகிவிடும், அறை பேரலுக்கு நேராக நிற்காது.

சோதிப்பது கஷ்டமில்லை. தோட்டா எதுவும் இல்லை என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, இடது கை விரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்தபடி, கட்டைவிரலால் ஹாமரை மிக மெதுவாக இழுங்கள். முதலில் சிலிண்டர் பூட்டு பள்ளத்தில் விழும் ‘டிக்’ கேட்க வேண்டும், அதற்குப் பிறகோ அதே நொடியிலோ ஹாமர் நிற்க வேண்டும். ஹாமர் முதலில் நின்றுவிட்டு, விரலால் சிலிண்டரை இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் ‘டிக்’ வருகிறது என்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஆறு அறையிலும் பார்க்க வேண்டும், ஒன்றில் சரியாக இருந்தால் மற்றதிலும் சரி என்று அர்த்தமில்லை. விற்கிறவர் இதைச் செய்ய விடமாட்டேன் என்றால் நான் அங்கே நிற்கவே மாட்டேன்.

தோட்டா விஷயத்தில் நான் கண்டிப்பு. .357 மேக்னத்தின் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட், சாதாரண .38 ஸ்பெஷலுக்கு 17,000. பாதிக்கும் குறைவு. இரண்டும் ஒரே விட்டம், மேக்னம் தோட்டாவின் உலோக உறை மட்டும் கொஞ்சம் நீளம், அதனால் .38 தோட்டா இதில் தாராளமாகப் போகும். நான் போடுவது பெரும்பாலும் 148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர், தட்டை மூக்குள்ள குண்டு, காகிதத்தில் பஞ்சிங் மெஷினில் குத்தினது போல வட்டமாக ஓட்டை போடும். இந்தத் துப்பாக்கி 1.2 கிலோவுக்கு மேல் கனம், அதனால் இந்தத் தோட்டாவுக்குக் கை அசைவதே தெரியாது. மேக்னம் எப்போதாவது ஒரு சிலிண்டர் சுடுவேன், அதுவும் 158 கிரெயின் மட்டும். பைத்தான் மேக்னத்துக்காகவே செய்தது, அது தாங்காது என்று சொல்லவில்லை. தேய்கிற வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம்.

.38 மட்டுமே சுடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறை குட்டையாக இருப்பதால் அது முடியும் இடத்தில் அறைக்குள் ஒரு கரி வளையம் படியும். அதை விட்டுவிட்டால் பிறகு .357 தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கும். வெண்கல பிரஷ், கரைப்பான், பத்து நிமிஷ வேலை, ஒவ்வொரு தடவையும் செய்கிறேன்.

சுடும் அனுபவம் எப்படி? ஹாமரை இழுத்து வைத்துச் சுடும்போது இதற்கு நிகராக நான் தொட்டது எதுவும் இல்லை. டிரிகர் ஊர்வது தெரியாது, நினைத்த நொடியில் விழும். 25 கெஜத்தில் என் குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது துப்பாக்கியின் எல்லையல்ல, என் கண்ணின் எல்லை. ஆனால் ஹாமரை இழுக்காமல் நேராக டிரிகரிலேயே சுடும் டபுள் ஆக்‌ஷன் பற்றி உலகம் சொல்கிற புகழ்ச்சி எனக்கு ஒத்துவரவில்லை. உள்ளே இருப்பது ‘வி’ வடிவ ஸ்பிரிங். தொடக்கத்தில் வெண்ணெய் மாதிரி போகும், கடைசியில் இறுகிக்கொண்டே வரும். ஸ்மித்தில் பழகிய விரலுக்கு அந்தக் கடைசி இறுக்கம் பிடிக்காது. தவிர, டபுள் ஆக்‌ஷனில் வேகமாகச் சுட்டால் கனமான சிலிண்டர் வேகமாகச் சுற்றி வந்து பூட்டில் மோதும், பள்ளங்களின் விளிம்பு நசுங்கும். அதனால் நான் ஒவ்வொரு தடவையும் ஹாமரை இழுத்தே சுடுகிறேன்.

இதைவிட மோசமானது சினிமாவில் வருகிற மாதிரி மணிக்கட்டை ஒரு உதறு உதறி சிலிண்டரை மூடுவது. சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை அதனால் வளையும், வளைந்தால் ஆறு அறையும் கோணிக்கொள்ளும். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுப்பேன், ஆனால் கொடுக்கும் முன் இதை மட்டும் சொல்லிவிடுவேன். தோட்டா இல்லாமல் டிரிகரை அடித்துப் பழகுகிறவர்கள் ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ள வேண்டும், தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் உடைந்தால் மாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. பக்கத் தகட்டைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஒன்றே போதும் அந்தத் திருகுகளின் தலையைச் சிதைக்க, வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதே அந்தத் திருகுகளைத்தான்.

ஹூஸ்டன் புழுக்கத்தில் சுடுவதைவிடச் சும்மா வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மெக்சிகோ வளைகுடாப் பக்கத்து ஈரக் காற்று இரும்பை விடாது. தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது, தோலைப் பதப்படுத்திய ரசாயனமும் அதில் தங்கும் ஈரமும் நீலத்தைத் தின்றுவிடும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிகளும் அப்படித்தான், மடித்தபடியே பீரோவில் கிடந்த பட்டுப்புடவை மடிப்பிலேயே இற்றுப்போவது போல, ஸ்பாஞ்ச் தொட்ட இடத்திலேயே துரு புள்ளி வைக்கும். நான் சுத்தம் செய்ததும் மெல்லிசாக ரெனசான்ஸ் மெழுகு பூசுகிறேன். அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் பயன்படுத்துவது, முதலில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது. பெட்டகத்துக்குள் ஈரம் படியாமல் தடுக்கும் மின்சாரக் கம்பி ஒன்று எப்போதும் சூடாக இருக்கும். அப்புறம், ஈயக் கறையைத் துடைக்க மஞ்சள் நிறத் துணி ஒன்று விற்கிறார்கள். கறையோடு சேர்த்து நீலத்தையும் அது எடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் துப்பாக்கிக்கு நல்லது, ராயல் ப்ளூ பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

பணக் கணக்கு பார்ப்பவர்களுக்கு: என்னுடையது போலச் சுட்டுப் பழகிய, ஆனால் நேர்மையாக வைத்திருந்த பழைய பைத்தான்கள் இப்போது 2,500 டாலர், 3,000 டாலர் என்ற அளவில் கைமாறுகின்றன. பெட்டியோடு சுடாதது என்றால் விலை வேறு உயரத்தில் இருக்கும். நான் போடுகிற .38 வாட்கட்டரால் இதன் விலை குறைந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் குறைய வேண்டியது எனக்கு முன்பே குறைந்துவிட்டது. கோல்ட்டின் ஆவணப் பிரிவுக்குக் கட்டணம் கட்டி எழுதினால், உங்கள் வரிசை எண்ணுக்குரிய துப்பாக்கி எப்போது, எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்கி வைக்கலாம்.

சுடுவதற்கென்றே ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு 2020-இல் வந்த புதிய பைத்தான் நல்ல வழி. ஸ்டெயின்லெஸ், வெளிவந்தபோது 1,499 டாலர். உள்ளே அமைப்பே வேறு, பழைய பாகங்கள் இதற்குப் பொருந்தாது. டபுள் ஆக்‌ஷன் பழையதைவிட எனக்குப் பிடிக்கிறது. நண்பர் அதைத்தான் வாங்கினார், மேக்னத்தைக் கவலையில்லாமல் சுடுகிறார். டைமண்ட்பேக் பெட்டியிலேயே இருக்கிறது.

இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, வேட்டை உரிமம் போல ஒருசில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். சேகரிப்பில் இறங்குகிறவர்கள் 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமம் பற்றியும் படித்துப் பாருங்கள், கட்டணம் மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான்.

என்னுடையதில் போன மாதம் சோதித்தபோது ஐந்து அறைகள் சரியாக இருந்தன, ஒன்றில் மட்டும் ‘டிக்’ கொஞ்சம் தாமதமாக வந்தது. கரி அடைத்திருக்குமோ என்று சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. ஹேண்டைத் தட்டி நீட்டியோ புதிதாகப் பொருத்தியோ சரிசெய்யலாம். ஆனால் பழைய கோல்ட்டைத் தொடத் தெரிந்த கைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன, தெரிந்தவர்களிடம் வரிசை நீளம். ஒருவரிடம் பேசிவிட்டேன், எழுபது வயதைத் தாண்டியவர், குளிர்காலத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதுவரை சுடப் போவதில்லை. அவர் வேலை எப்படி, என்ன செலவு என்பதைத் திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.