பேப்பர் டவுன்லோட் பண்ணித் தர்ற ஏஐ டூலுக்கு காசு கட்டி மாட்டுன கதை

பிஎச்டி பண்றவங்க கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. என் வேலை சாயப்பட்டறை கழிவுத்தண்ணில இருந்து சாயத்தைப் பிரிக்கிறது, மெத்திலீன் ப்ளூ அட்சார்ப்ஷன்னு (அந்த நீலச் சாயத்த ஒரு பொருளோட மேற்பரப்புல ஒட்ட வெச்சுப் பிரிக்கிறது) தேடுனா பேப்பர் மலை மாதிரி வந்து விழும், அத்தனையும் ஒவ்வொண்ணா இறக்கி லிட்ரேச்சர் ரிவ்யூ எழுதறதுக்குள்ள வயசாயிடும்னு லேப் ஜூனியர் ஒருத்தன் ஒரு எம்சிபி சர்வர காட்டுனான். எம்சிபின்னா ஏஐ ஏஜென்ட்டுக்கு வெளி டூல்ஸ மாட்டி விடுற முறை, 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் விட்டது, அது மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. கோவமெல்லாம் இந்த டூல் மேலதான். மாசம் 499, யூபிஐ ஆட்டோபே.

ரீட்மீ (கோட் கூட வர்ற அறிமுகப் பக்கம்) பாத்தா கல்யாண பத்திரிகை மாதிரி இருக்கு, கலர் கலரா பேட்ஜ், 20 தளத்துக்கு மேல சப்போர்ட், "முதலில் ஓப்பன் ஆக்சஸ்"னு போல்டுல, அதாவது எல்லாருக்கும் இலவசமா திறந்திருக்கற காப்பியத்தான் முதல்ல தேடுமாம். சரி நல்ல பசங்கன்னு நம்பிட்டேன். முதல்ல அதுன்னா ரெண்டாவது எதுன்னு கேக்கணும்னு தோணவே இல்ல பாருங்க.

லிஸ்ட்ட குடுத்தேன், ராத்திரி ஹாஸ்டல் வைஃபைல ஓட விட்டுட்டு தூங்கிட்டேன். காலைல 140 பிடிஎஃப், கூடவே ஒவ்வொண்ணுக்கும் அழகா சம்மரி, டேபிள் நம்பரோட. ஒரு வாரம் அத வெச்சே சாப்டர் எழுதி மேடம்கிட்ட குடுத்தேன்.

மேடம் நாலாவது பக்கத்துல நிறுத்திட்டாங்க. "டேபிள் 3ல ஈக்விலிப்ரியம் டைம் 90 நிமிஷம்னு எழுதியிருக்க, இந்த பேப்பர்ல மொத்தமே ரெண்டு டேபிள்தானேப்பா?" அது அவங்களே கோ-ஆத்தரா இருந்த பேப்பர். அந்த நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

ரூமுக்கு வந்து ஃபோல்டர சைஸ் வாரியா அடுக்குனேன். 53 ஃபைல் வெறும் சில கேபிதான். ஒண்ண நோட்பேட்ல திறந்தேன். நிஜ பிடிஎஃப்னா முதல் வரி பர்சென்ட் குறி போட்டு பிடிஎஃப்னு ஆரம்பிக்கும், இதுல எச்டிஎம்எல்னு ஆரம்பிக்குது, கீழ போனா "நீங்கள் மனிதர்தானா என்று உறுதி செய்யவும்"ங்கற பக்கம். அதாவது பப்ளிஷர் சைட் இவன ரோபோன்னு புடிச்சு கேப்சா காட்டியிருக்கு, டூல் அந்தப் பக்கத்தையே டாட் பிடிஎஃப்னு பேர் வெச்சு சேவ் பண்ணிட்டு ஏஜென்ட்கிட்ட "சக்ஸஸ்"னு சொல்லியிருக்கு, ஏஜென்ட்டும் தலைப்பையும் அப்ஸ்ட்ராக்டையும் வெச்சு மீதிய சொந்தமா சமைச்சிருக்கு.

இதோட முடியல. லைப்ரரில இருந்து கூப்டாங்க. எங்க யுனிவர்சிட்டிக்கு ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் (மத்திய அரசு காசு கட்டி நம்மள ஜர்னல் படிக்க விடுற திட்டம்) இருக்கு, 2025 ஜனவரில ஆரம்பிச்சது, 30 பப்ளிஷர், 13,000 ஜர்னல், இதுக்கு முன்னாடி நாங்கெல்லாம் பாக்கக்கூட முடியாததெல்லாம் இப்ப திறக்குது. ஆனா மெஷின் வெச்சு மொத்தமா அள்ளக்கூடாதுங்கறது பப்ளிஷருங்க வழக்கமா போடுற கண்டிஷன். என் லாகின்ல ராத்திரி 1 மணிக்கு ஒரே நேரத்துல எட்டு எட்டா டவுன்லோட் போயிருக்கு, ஒரு பப்ளிஷர் மொத்த கேம்பஸ் ஐபியையும் ரெண்டு நாள் மூடிட்டான். தீசிஸ் சப்மிட் பண்ற அக்கா ஒருத்தங்க என்னை இன்னும் முறைக்கிறாங்க. ஆர்க்சிவ் மாதிரி பேப்பர இலவசமா குடுக்கறவனே ஏபிஐல (புரோகிராம் வழியா கேக்கறதுக்கான வாசல்) ரெண்டு ரிக்வெஸ்ட்டுக்கு நடுவுல மூணு செகண்ட் விடுங்கன்னு கேக்கறான், இவனுங்க கோட்ல கேப்புங்கற பேச்சே இல்ல.

கோட்னு ஏன் சொல்றேன்னா அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ரெண்டாவது எதுன்னு அங்க இருந்துச்சு: ஓப்பன் ஆக்சஸ் கிடைக்கலன்னா காலேஜ் நெட்வொர்க் வழியா முட்டிப் பாரு, அதுவும் இல்லன்னா சை-ஹப் (காசு கட்டிப் படிக்கிற பேப்பர அனுமதியில்லாம இலவசமா குடுக்கற சைட்) மிரர் லிஸ்ட். ரெண்டும் டீஃபால்ட்டா ஆன். அத வேணும்னு யூஸ் பண்றது அவங்கவங்க இஷ்டம், எனக்குத் தெரியாம என் லாகின்ல பண்றதுக்கு இவன் யாரு?

சப்போர்ட்ல ரீஃபண்ட் கேட்டேன். "எல்லாம் ரீட்மீயில் தெளிவாக உள்ளது"ன்னு பதில். போய் பாத்தா நிஜமாவே இருக்கு, "எல்லா பதிவிறக்கமும் வெற்றி பெறும் என்று உத்தரவாதம் இல்லை"ன்னு ஒரு வரி. கமிட் ஹிஸ்டரிய (எப்ப என்ன மாத்துனாங்கங்கற பதிவு) பாத்தேன், நான் மெயில் போட்ட 40 நிமிஷம் கழிச்சு சேத்திருக்கான்.

இப்ப நான் அன்பேவால்தான் யூஸ் பண்றேன், டிஓஐயும் (பேப்பரோட தனி அடையாள நம்பர்) நம்ம ஈமெயிலும் குடுத்தா சட்டப்படி ஃப்ரீ காப்பி எங்க இருக்குன்னு சொல்லும், காசு இல்ல. மீதிய லைப்ரரி லாகின்ல கையாலதான் இறக்கறேன், நாளைக்கு பத்து பன்னெண்டு.

ஏற்கனவே இந்த மாதிரி எதுக்காவது காசு கட்டியிருந்தா அவன் சைட்ல கேன்சல் பட்டன அமுக்கிட்டு விட்டுடாதீங்க, யூபிஐ ஆப்ல ஆட்டோபே மேன்டேட் (மாசாமாசம் காசு எடுக்க நாம குடுத்த அனுமதி) தனியா உயிரோட இருக்கலாம். எனக்கு கேன்சல் பண்ண அப்புறமும் 5ம் தேதி இன்னொரு 499 போயிடுச்சு.