படுக்கையறைக்கு ஒரு கடிகார வானொலி: மூன்று கருவிகள், மூன்று மாதங்கள்

என் அம்மாவுக்கு 76 வயது. வானொலியில் காலை 6.45 மணி மாநிலச் செய்தி கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. நள்ளிரவில் விழிப்பு வந்தால், கண்ணாடியைத் தேடாமலும் விளக்கைப் போடாமலும் மணி தெரிந்தாக வேண்டும். கைப்பேசியால் இரண்டும் ஆகும் என்றாலும், மணி பார்க்க அதைக் கையில் எடுப்பவர் குடும்பக் குழுவில் வந்து குவிந்திருக்கும் செய்திகளைப் படிக்கத் தொடங்கி, அரை மணி நேர உறக்கத்தைத் தொலைத்துவிடுகிறார். ஆகவே தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு நல்ல கடிகார வானொலி ஒன்றைத் தேடினேன். மூன்று மாதங்களில் மூன்று கருவிகள் அவருடைய கட்டிலருகே மாறி மாறி இருந்தன. இரண்டைக் கைவிட்ட காரணங்கள், மூன்றாவதை வைத்துக்கொண்ட காரணங்களைவிடப் பிறருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அக்கா நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்தது. கனமான பெட்டி, இனிமையான ஒலி, தெளிவான சிவப்பு எண்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம். ஆனால் அதிர்வெண்ணை அதனால் மாற்ற முடியாது என்பதை மறுநாள் காலையில்தான் உணர்ந்தோம். இவ்வகைக் கருவிகள் மின்சாரத்தின் அலைகளை எண்ணியே நேரத்தை நகர்த்துகின்றன. 60 அலைகள் சேர்ந்தால் ஒரு நொடி என்று கணக்கிடும் கடிகாரத்துக்கு இங்கே நொடிக்கு 50 அலைகளே கிடைப்பதால், அது மணிக்கு 10 நிமிடம் பின்தங்குகிறது. இரவு 10 மணிக்குச் சரியாக வைத்த கடிகாரம், அதிகாலை 4 மணிக்கு 3 என்று காட்டியது. சில மாடல்களில் அடிப்பக்கத்தில் 50, 60 என்று மாற்றிக்கொள்ளும் சிறு ஸ்விட்ச் இருக்கும், எங்களுடையதில் இல்லை.

வானொலிப் பகுதியிலும் இடர்ப்பாடு இருந்தது. அமெரிக்காவில் பண்பலை நிலையங்களின் எண்கள் 101.3, 101.5 என்று ஒற்றைப்படைத் தசமத்திலேயே முடிகின்றன. அங்கே விற்கும் பல டிஜிட்டல் கருவிகள் அந்தப் படிகளில் மட்டுமே நகரும். எனவே 93.5, 98.3 ஆகியவை இந்தக் கருவியில் சரியாகக் கிடைத்தன. சென்னை ரெயின்போவின் 101.4 இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்து கரகரத்தது. மத்திய அலையில் (ஏஎம்) அவர்களுடைய படி 10 கிலோஹெர்ட்ஸ், நம்முடையது 9. சென்னையின் 720 இரண்டு கணக்கிலும் வந்துவிடும். அம்மா பிறந்து வளர்ந்த ஊரான திருச்சியின் 936க்கு வழியில்லை. ஜப்பானிலிருந்து கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே பண்பலை 76இல் தொடங்கி 95இல் முடிந்துவிடுவதால், அந்நாட்டுக்கென்றே செய்த கருவிகளில் நம் நிலையங்களில் பாதிக்கு மேல் கிடைக்காமல் போகலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அன்போடு சுமந்து வரும் பொருள் வீணாகக் கூடாது என்பதாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கேயே வாங்கினாலும், கடிகாரம் எதை வைத்து நேரம் கணக்கிடுகிறது என்பதே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நம் மின்தொகுப்பின் அதிர்வெண்ணுக்கு இன்றுள்ள வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். ஒரு நாள் முழுவதும் அது கீழ் எல்லையிலேயே நின்றால், மின் அலைகளை எண்ணும் கடிகாரம் ஏறத்தாழ 3 நிமிடம் பின்தங்கிவிடும். மேலே ஏறும் நாளில் முந்தும். குவார்ட்ஸ் படிகம் உள்ள கடிகாரத்துக்கு இந்தச் சார்பு இல்லை; சாதாரணப் படிகம்கூட நாளுக்கு 2 நொடிக்கு மேல் பிசகுவது அரிது. அடுத்த கேள்வி மின்தடை பற்றியது. பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளுக்குப் பிறகு, எண்கள் 12:00 என்று மின்னிக்கொண்டிருந்தால், அலாரம் அடிக்காது என்பது மறுநாள் காலையில்தான் தெரியவரும். 9 வோல்ட் பேட்டரி போடும் சில மாடல்களில், மின்சாரம் போனதும் துல்லியமில்லாத வேறொரு சுற்று நேரத்தை ஏற்றுக்கொள்வதால், சில மணி நேரத்திலேயே பல நிமிடங்கள் தவறிவிடுகின்றன. பொத்தான் பேட்டரியும் குவார்ட்ஸும் சேர்ந்த அமைப்பே நம் ஊருக்கு ஏற்றது.

இரண்டாவது கருவியை ரிச்சி தெருவில் வாங்கினேன். கடையின் பளிச்சென்ற வெளிச்சத்தில், பின்னணியில் நீல ஒளி கொண்ட அதன் எல்சிடி முகப்பு மிக அழகாகத் தெரிந்தது. படுக்கையறையில் அந்த அழகே தொல்லையாயிற்று. உடலின் நாள்கடிகாரத்துக்கு ஒளியைப் பற்றித் தகவல் தரும் விழித்திரைச் செல்கள் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிகின்றன; சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. நீலத்தை வேண்டாம் என்று அணைத்தாலோ எண்களே தெரியவில்லை. மேலும், எல்சிடி முகப்பை நேர் எதிரே நின்று பார்த்தால்தான் எழுத்து கறுப்பாக நிற்கும். தலையணையில் படுத்தபடி கீழிருந்து பார்த்தால் வெளிறிப்போகிறது. வாங்குமுன் கருவியைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பார்த்திருந்தால் இது கடையிலேயே தெரிந்திருக்கும். முற்பகலையும் பிற்பகலையும் பிரித்துக் காட்டுவது ஊசிமுனை அளவு புள்ளி ஒன்றே என்பதால், காலைக்கு வைத்ததாக நினைத்த அலாரம் மாலை 6.40 மணிக்கு ஒலித்ததும் உண்டு. 24 மணி நேர முறைக்கு மாற்ற வசதியிருந்தால் அந்தக் குழப்பமே வராது.

பொத்தான்களை இருட்டில் விரலால் அடையாளம் காண முடிய வேண்டும். அலாரத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும் ஸ்னூஸ் பொத்தான் பெரிதாகவும் மேற்புறத்திலும் இருப்பது நல்லது. 1956இல் ஜெனரல் எலெக்ட்ரிக்-டெலிக்ரான் கொண்டுவந்த கடிகாரத்தில் தொடங்கி, இந்தப் பொத்தானின் அவகாசம் பல கருவிகளில் இன்றும் 9 நிமிடமாகவே இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் நிலைத்திருக்கும் மூன்றாவது கருவி சுமார் 3,500 ரூபாய். ஒரே உள்ளமைப்பு வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருவதால் பெயரை எழுதவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். குவார்ட்ஸ் கடிகாரம், பொத்தான் பேட்டரி, மூன்று அளவுகளில் மங்கச்செய்யக்கூடிய சிவப்பு எண்கள், குமிழைத் திருப்பி நிலையம் பிடிக்கும் பழைய முறை. கடைசி அளவுக்கு மங்கச்செய்தால், எண்கள் படிக்கத் தெரிகின்றன. சுவரில் வெளிச்சம் விழுவதில்லை. ஒற்றை ஸ்பீக்கர்தான், உள்ளங்கையைவிடச் சிறியது. கனத்த தாழ்சுருதி ஒலியை (பேஸ்) எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கும். ஆனால் செய்தி வாசிப்பவரின் குரலில் ரகரமும் றகரமும், லகரமும் ளகரமும் வேறுபட்டு ஒலிக்கின்றனவா என்பதையே நான் தரத்தின் அளவுகோலாகக் கொண்டேன். அதில் இது நிறைவாகத் தேறியது. தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்திகளைக் கேட்டு வளர்ந்த அம்மாவின் காது, உச்சரிப்பு மழுங்கினால் பொறுக்காது.

குறைகளும் இருக்கின்றன. குமிழ் மிக விரைவாக நகர்கிறது. நூலளவு அசைந்தாலும் நிலையம் தவறிவிடும். ஹென்றி க்ளாஸ் வடிவமைத்த டிவோலி மாடல் ஒன் வானொலியில், 5 பங்கு திருப்பினால் 1 பங்கு நகரும்படி பற்சக்கரம் வைத்திருப்பார்கள். அந்த நிதானம் எல்லாக் கருவிகளுக்கும் வாய்த்திருக்கலாம் என்று ஏக்கமாகவே இருக்கிறது, அதன் விலை நமக்கு எட்டாவிட்டாலும். இன்னொன்று, காலையில் நிலையம் கிடைக்காவிட்டால் மணி ஒலித்து எழுப்பும் மாற்று ஏற்பாடு இதில் இல்லை. மருந்து வேளைக்கு எழ வேண்டியவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது.

மத்திய அலை ஏற்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி எவ்வளவு நல்லதானாலும் அறை அதைக் கெடுத்துவிடும். கொண்டுவந்த முதல் இரவில் 720இல் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு பெட்டியில் போடப் போனேன். கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி இரைச்சல் அடங்கியது. எல்இடி விளக்கை அணைத்ததும் மீதியில் பெரும்பங்கு போயிற்று. இவற்றின் உள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டும் சுற்றுகள் இருப்பதால், அவை மத்திய அலையில் குறுக்கிடுகின்றன. சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போதும் இதே தொல்லை உண்டு. பண்பலைக்கு இந்தப் பாதிப்பு மிகக் குறைவு. அதற்குப் பின்புறம் தொங்கும் ஏரியல் கம்பியைச் சுருட்டி வைக்காமல் நீளமாக விட்டாலே போதும்.

மத்திய அலையை வாங்கும் ஏரியல், பெட்டிக்குள் கிடக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டு. அது நிலையத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் மிகக் குறைவாகவும், குறுக்காக இருந்தால் மிகுதியாகவும் ஏற்கும். கருவியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தபோது, சன்னலை நோக்கிச் சற்றே சாய்ந்த ஒரு நிலையில் சென்னையின் 720 தெளிவாக எழுந்தது. ஓர் இரவில் திருச்சியும் மெலிதாகக் கேட்டது. தூசி தட்டும்போது யாரும் அதை நேராக்கிவிடக் கூடாது என்பதற்காக, மேசைப் பலகையில் பெட்டியின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சார்ஜரை அம்மாவே கூடத்துக்கு மாற்றிவிட்டார். கைப்பேசியும் அதனுடன் அங்கேயே இரவைக் கழிக்கிறது.