பேசிக்கொண்டே எந்த வேலையைச் செய்யலாம்? மண்டபம் கொள்முதல் மேசையிலிருந்து ஓர் ஒப்பீடு

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் நண்டும் கணவாயும் இறாலும் வாங்கி வெளியூர்க் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு கொள்முதல் நிலையத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் பாடு (மீன்பிடிப்பு) முடித்துத் திரும்பும் முதல் வாரத்தில், விடியலில் ஒலிக்கத் தொடங்கும் போன் பத்து மணி வரை ஓயாது, எடைத்தராசும் ஓயாது. பேசி முடித்துவிட்டுத்தான் வேலை என்று இருந்தால் ஐஸ் உருகிவிடும். வேலையை முடித்துவிட்டுத்தான் பேச்சு என்று இருந்தால் நல்ல விலை கைநழுவிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்னும்போது, எப்படிச் சேர்ப்பது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் போனை எப்படிப் பிடிப்பது என்பதைப் பார்ப்போம். தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொள்வதே எங்கள் கரையில் பெருவழக்கு. மாலையில் கழுத்து பிடித்துக்கொள்வது ஒருபுறமிருக்க, குனிந்து கூடையைப் பார்த்தால் போன் மீன் தண்ணீரில் விழுகிறது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தால் கைகள் விடுபடும். ஆனால் கச்சான் காற்று வீசும் நாளில் எதிர்முனைக்கு இரைச்சல்தான் கேட்கும். அதைவிடப் பெரிய குறை, கம்பெனி சொல்லும் விலை பக்கத்தில் நிற்கும் வேறு வியாபாரிக்கும் கேட்டுவிடும் என்பது. ஒரு காதில் மட்டும் மாட்டும் மைக் வைத்த இயர்போனே மூன்றிலும் மேலானது. மற்றக் காது தராசில் நிற்பவரின் குரலுக்குத் திறந்திருக்கும்.

ஆனால் கை விடுபட்டதால் மனமும் விடுபட்டுவிட்டது என்று நான் நெடுநாள் நம்பியதுதான் தவறு. கனடாவில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்னும் இருவர் வாகன ஓட்டிகளைப் பற்றி 1997இல் வெளியிட்ட ஆய்வு, கைபேசியில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் அதில் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றும் காட்டியது. சாலைக்குச் சொன்னதை அப்படியே மேசைக்குப் பொருத்த முடியாது என்றாலும், பேச்சு வாங்கிக்கொள்வது கையை அல்ல, கவனத்தை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றே.

ஆகவே உண்மையான ஒப்பீடு வேலைக்கும் வேலைக்கும் இடையில்தான். நண்டைத் தரம் பிரிப்பது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது, கணவாயைக் கழுவுவது போன்றவை கைக்குப் பழகிய வேலைகள். அவற்றில் சொல் இல்லை, எண் இல்லை. எங்கள் நிலையத்தில் நண்டு பிரிக்கும் அக்கா ஒருவர், மகளுடன் அரை மணி நேரம் பேசிக்கொண்டே, உடைந்த கால் உள்ளதையும் சினை உள்ளதையும் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார். கூடை மாறியதை நான் கண்டதில்லை. ஆனால் அதேபோல் பேசிக்கொண்டே நான் எடைச் சிட்டை எழுதினால் தவறு வருகிறது. எண்களை எழுதும்போது அவற்றை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். அந்த உட்குரல் நடக்கும் வழியிலேயே போன் குரலும் வந்து முட்டுகிறது. ஒருமுறை கம்பெனிக்காரர் ‘இறால் 42 கவுண்ட்’ (கிலோவுக்கு 42 இறால்) என்று சொல்லிக்கொண்டிருக்க, தராசில் 24 கிலோ காட்டிய கணவாய்க்கு 42 என்று எழுதிவிட்டேன். மாலையில் கணக்குச் சரிபார்க்கையில்தான் அது தெரிந்தது.

எழுதுவதே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பேசும் விஷயத்தையே எழுதினால் அது பேச்சுக்குத் துணையாகிறது. ஜாக்கி ஆண்ட்ரேட் என்னும் உளவியலாளர் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, கேட்டுக்கொண்டே காகிதத்திலிருந்த வடிவங்களுக்கு நிழலிட்டவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். கிறுக்கலுக்கே இந்தப் பயன் என்றால், படகு, எடை, விலை, வண்டி நேரம் என நான்கு சொல்லைக் குறிப்பதன் பயனைச் சொல்ல வேண்டியதில்லை. போனில் எழுநூறும் எண்ணூறும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதால், ‘ஏழு, சைபர், சைபர்’ என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம்.

எஞ்சியிருப்பது ‘பத்து நிமிஷத்தில் நானே கூப்பிடுகிறேன் அண்ணே’ என்று வைத்துவிடும் வழி. பணம் அனுப்பும்போதும், பேரேட்டைக் கூட்டும்போதும், படகுக்காரர் எதிரில் நின்று பற்று வரவு கேட்கும்போதும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அரைக் காதில் கேட்பதை யாரும் கோபிப்பதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் எங்கள் தொழிலில் ‘ம்’ என்பதற்குக் ‘கேட்கிறேன்’ என்றும் ‘சம்மதம்’ என்றும் இரண்டு பொருள் உண்டு. சென்ற பருவத்தில் பேரேட்டில் கண் வைத்தபடி நான் கொட்டிய ஒரு ‘ம்’மை, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்ட விலைக்கு ஒப்புதலாக எதிர்முனையில் எடுத்துக்கொண்டார்கள். வாய்ச்சொல்லே ஒப்பந்தமாக நடக்கும் கரை இது. அந்த லோடு அந்த விலைக்கே போயிற்று.