தொப்பை குறைய, தசை ஏற: நடையா, தண்டாலா, இரும்பா?

தொப்பையும் கரைய வேண்டும், தோளும் கொஞ்சம் அகல வேண்டும் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், யோசனைகள் வந்து விழும். காலையில் ஒரு மணி நேரம் நட என்பார் ஒருவர். காசு எதற்கு, வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும் எடு என்பார் இன்னொருவர். ஜிம்மில் சேர்ந்து வெயிட் தூக்கு என்பார் மூன்றாமவர். என் ஓட்டு மூன்றாமவருக்குத்தான், ஆனால் அவர் வழக்கமாகச் சொல்லும் காரணம் தேறாது.

தசை ஏறிவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது கலோரியை எரித்துத் தள்ளும் என்பது அவர் வாதம். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரிதான். ஒழுங்காகப் பயிற்சி செய்து மூன்று கிலோ தசை ஏற்றினாலும் கூடுதலாகச் செலவாவது 40 கலோரி, ஒரு இட்லிக்குச் சரியாகப் போய்விடும்.

சரி, நடைக்கு வருவோம். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 300 கலோரி போல செலவாகும். பார்க்கை விட்டு வெளியே வந்ததும் டீக்கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் ஆனால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். வெயிட் தூக்கும் ஒரு மணி நேரமும் இதைவிடப் பெரிதாக எதுவும் எரித்துவிடாது, பாதி நேரம் ஒரு சுற்றுக்கும் (செட்) அடுத்த சுற்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் போய்விடுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்பதை நினைத்தால், கொழுப்பு குறைவதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சாப்பாட்டுத் தட்டு என்பது புரிந்துவிடும். இந்த விஷயத்தில் நடையும் இரும்பும் ஏறக்குறைய சமம்.

வித்தியாசம், குறைகிற எடையில் எது போகிறது என்பதில் வருகிறது. சாப்பாட்டைக் குறைத்து நடையை மட்டும் நம்பினால், போன எடையில் கால் பங்கு வரை தசையும் சேர்ந்த கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். எட்டு கிலோ குறைந்திருப்பார், கன்னம் ஒட்டியிருக்கும், கை மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் கொஞ்சம் சின்னதாக அங்கேயே நிற்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, சுகர் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். தசைக்குக் கனமான வேலை தொடர்ந்து இருந்தால் உடம்பு அதை எளிதில் கைவிடாது. எடை குறைகிற காலத்தில் வெயிட் செய்கிற முதல் உபகாரம் இந்தப் பாதுகாப்புதான், ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

இனி தண்டாலா இரும்பா. நிஜமான போட்டி இங்கேதான். தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது, முழங்காலை ஊன்றினால் பாதி. நெஞ்சுக்கும் தோளுக்கும் கையின் பின்பக்கத்துக்கும் இது முதல் தரமான பயிற்சி, இதற்காக மட்டும் யாரும் ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தரையில் முடியாதவர் மேஜையில் கை வைத்து ஆரம்பிக்கலாம், முப்பது சாதாரணமாக வந்துவிட்டால் காலை நாற்காலி மேல் வைக்கலாம். கனம் அதிகமா குறைவா என்பதுகூட இரண்டாம் பட்சம். ஒரு செட்டுக்கு 5 முறையோ 30 முறையோ, கடைசி இரண்டு மூன்று உண்மையிலேயே திணறலாக இருந்தால் தசை வளரும்.

பஸ்கியில்தான் சிக்கல். 80 கிலோ உடம்பைத் தினமும் மாடிப்படியில் தூக்கிப் போகிற தொடைக்கு ஐம்பது பஸ்கி பெரிய விஷயமே இல்லை. நூறு எடுத்தால் வேர்க்கும், இரைக்கும், மறுநாள் வலிக்கக்கூடச் செய்யும், ஆனால் தசை திணறும் முன்பே மூச்சு திணறிவிடுகிறது. முதுகு இன்னும் மோசம். வீட்டில் தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு என்ன இருக்கிறது? கதவு நிலையில் ஒரு பார் மாட்டலாம், ஆனால் தொப்பையோடு இருக்கிற 85 கிலோ ஆள் அதில் தொங்கத்தான் முடியும், ஒரு முறைகூட மேலே வர முடியாது.

ஜிம்மின் உண்மையான பலம் இங்கே தெரிகிறது. எல்லோரும் ஜிம் என்றால் அதிக கனம் என்று நினைக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அது கொடுப்பது குறைந்த கனம். தலைக்கு மேலிருக்கும் கம்பியை நெஞ்சு வரை இழுக்கிற லாட் புல்டவுன் மெஷினில் அதே 85 கிலோ ஆள், எடையைத் தேர்ந்தெடுக்கிற பின்னை 25 கிலோவில் சொருகி முதல் நாளே பன்னிரண்டு முறை சுத்தமாக இழுக்கலாம். ஸ்குவாட்டுக்கு, அதாவது கம்பியைத் தோளில் வைத்து எடுக்கிற பஸ்கிக்கு, வெறும் கம்பியே 20 கிலோ. இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் மாட்டினால் 22.5. இப்படி இரண்டரை இரண்டரையாக ஏற்றிக்கொண்டே போய், போனில் குறித்து வைத்துக்கொள்கிற வசதியை உடல் எடைப் பயிற்சி தருவதில்லை. கர்லா கட்டையும் இதே காரணத்தால்தான் பின்தங்குகிறது: தோள் மூட்டுக்கும் கைப்பிடி வலுவுக்கும் அருமையான சாதனம், சுழற்றப் பார்க்கவே அழகு, ஆனால் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடியாது.

ஜிம் நல்லது, அங்கே கொடுக்கிற அட்டவணை பல இடங்களில் நல்லதில்லை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று ஆறு நாள் பிரித்துக் கொடுத்துவிடுவார் மாஸ்டர். வேலைக்குப் போகிறவர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார், லெக் வரும் கிழமையில் மட்டும் அவருக்கு எப்படியோ அவசர வேலை வந்துவிடும். அதற்குப் பதில் வாரம் மூன்று நாள், மூன்றிலும் முழு உடம்பு: ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ் (மெஷினில் காலால் எடையைத் தள்ளுவது), ஒரு தள்ளல், ஒரு இழுப்பு, டெட்லிஃப்ட் (குனிந்து தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது) வகையில் ஒன்று. முக்கால் மணி நேரம். நடுநாட்களில் நடை. வயிற்றுப் பயிற்சி நூறு எடுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு தனியாகக் கரையாது, கொழுப்பைக் கரைக்கும் என்று கவுன்டரில் விற்கிற ஃபேட் பர்னர் டப்பாவும் வேண்டாம். வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம்தான், விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை.

புரதத்தில்தான் நம் சாப்பாடு காலை வாருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.6 கிராம் என்று வைத்தால் 75 கிலோ ஆளுக்கு 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த நூறு கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 30, ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டலில் 14, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 25. நான்கு இட்லியும் சாம்பாரும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ரசம் சாதத்தை நம்பி பார்பெல் தூக்குவது வீண் உழைப்பு.

முதலில் நன்றாகத் தின்று தசை ஏற்று, பிறகு கொழுப்பைக் குறை என்று இன்னொரு யோசனை சுற்றுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கிற இருபது வயதுப் பையனுக்கு அது சரி. இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆணுக்கும் 80ஐத் தாண்டிய பெண்ணுக்கும் (நம் நாட்டவருக்கு எச்சரிக்கை எல்லை அதுதான்) இன்னும் ஏற்றுவது வேண்டாத வேலை. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு, அதுவும் சேமிப்பில் கொழுப்பு இருக்கிறவருக்கு, வெயிட் தூக்கிக்கொண்டே தினம் 300 முதல் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். எடை மெஷின் அசையாமல் நின்று பேன்ட் மட்டும் லூசாகிற மாதங்கள் வரும், அதனால் இடுப்பை அளக்க டேப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர் டாக்டரிடம் கேட்காமல் கனம் தொட வேண்டாம். ஜிம் தூரம், அல்லது போகப் பிடிக்கவில்லை என்றால் பிளேட் மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடியும் ரெசிஸ்டன்ஸ் பேண்டும் (இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை) வாங்கினால் முதுகுப் பிரச்சினை பெருமளவு தீரும். பேண்டை மட்டும் ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று தடிமனில் வாங்குங்கள், பேண்டில் கனத்தைக் கூட்ட அதுதான் எளிய வழி.