மூக்குத்தியைத் தேட வந்தவர்கள் அளந்த 22 அடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேளச்சேரியில் எங்கள் வாடகை வீடு. முகம் கழுவும்போது மூக்குத்தி கழன்று வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விட்டது. ஒற்றைக்கல் வைரம், என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. திருகு தளர்ந்திருப்பது ஒரு வாரமாகவே தெரியும். ஆசாரியிடம் கொடுக்கச் சோம்பல். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்தேன். குழாயை உடனே மூடிவிட்டேன். மற்றதெல்லாம் பதற்றம். பிளம்பர் என்று போனில் தேடியதும் முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தேன். "விசிட்டிங் 399 ரூபாய்தான் மேடம், பொருளை எடுத்துக் கொடுத்துடுவோம்" என்றார் ஒரு பெண். வேறு ஏதாவது ஆகுமா என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு பையன்கள் வந்தார்கள். வந்ததும் ஒருவன் செய்த முதல் வேலை, குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டது! "ஃப்ளோ செக் பண்றோம் மேடம்." நான் கத்திய பிறகுதான் மூடினான். பிறகு அரை பாட்டில் ஆசிட்டை பேசினுக்குள் ஊற்றினார்கள். அழுக்கு கரைந்தால் மூக்குத்தி மேலே மிதந்து வருமாம். சுத்தத் தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், நகைத் தங்கம் கொஞ்சம் குறைவு. எப்படி மிதக்கும்? அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் பேசின் தண்ணீர் போய் இறங்கும் தரை ஜாலியைத் தூக்கி, அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் மெஷினை அதற்குள் விட்டார்கள். கரகரவென்று அது போய்க்கொண்டே இருந்தது. வெறும் முடிதான் வந்தது. "லைன்ல போயிடுச்சு மேடம், டைல்ஸை உடைச்சுப் பார்க்கணும், அதுக்குத் தனி ரேட்" என்றார்கள். வீட்டுக்காரரைக் கேட்காமல் உடைக்க முடியாது என்றேன். உடனே துண்டுச் சீட்டில் கணக்கு எழுதினான்: விசிட்டிங் 399, ஆசிட் 450, மெஷின் அடிக்கு 150 வீதம் 22 அடிக்கு 3,300. மொத்தம் 4,149 ரூபாய். அடிக்கணக்கு என்று யாரும் முன்பே சொல்லவில்லையே என்றால், "ஆபீஸ் ரேட் மேடம்" என்று வாசலை மறித்து நின்றார்கள். வீட்டில் நான் மட்டும். கூகுள் பேயில் அனுப்பினேன். சீட்டில் கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்று தோழி சொன்னாள். யார்மேல் என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

சாயங்காலம் எங்கள் வாட்ச்மேன் தனக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவரைக் கூட்டிவந்தார். வயதானவர். கீழே குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கப்பைத் திறந்து பார்த்தாங்களாம்மா?"

பேசினுக்கு அடியில் குட்டி சொம்பு மாதிரித் தொங்குமே, அதுதான் பாட்டில் ட்ராப். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே ஏறாதபடி அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கனமான பொருள் விழுந்தால் பெரும்பாலும் அதன் அடியில்தான் தங்கும். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் சின்னப் பொருள் அதையும் தாண்டிப் போய்விடலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வீடுகளில் ட்ராப் இல்லாமல் வெறும் வளையும் குழாய் நேராகத் தரைக்குப் போகும், அங்கே இந்த அதிர்ஷ்டமும் கிடையாது.

ஆசிட் ஊற்றிய கதையைச் சொன்னதும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்ல அதைச் சொல்லணும்மா, கை வெந்துடும்." இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டார். அடியில் வாளியை வைத்து, ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்து, கப்பை இடப்பக்கமாகத் திருகினார். ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. கறுப்பாகச் சேறு, முடி, பேஸ்ட் கசடு, ஒரு ஹேர்பின். எல்லாவற்றையும் டீ வடிகட்டியில் கொட்டி அலசினார். கல் மின்னியது. நான் அழுதுவிட்டேன்.

திருகு மட்டும் கிடைக்கவில்லை. எடை இல்லாத பொருள், அந்த 'ஃப்ளோ செக்'கில் போயிருக்கும் என்றார். ஆசிட் பட்டதில் கப்பின் பளபளப்பும் உரிந்திருந்தது. 200 ரூபாய் கேட்டார். 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பித் தர வந்தார், வாங்கவில்லை.

ராத்திரி இன்ச் டேப்பை எடுத்து அளந்தேன். பேசின் ஓட்டையிலிருந்து தரை ஜாலி வரைக்கும் இரண்டே முக்கால் அடி. அதற்குள் தேட வேண்டியதை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் 22 அடி தேடியிருக்கிறார்கள்.

அந்த எண்ணை அழிக்கவில்லை, '22 அடி' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். நேற்று அதிலிருந்து ஒரு மெசேஜ்: சர்வீஸ் திருப்தியா, ஐந்து ஸ்டார் போட முடியுமா என்று.