மண் அச்சா, மெழுகு அச்சா?

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலிலும் கேரளத்து மான்னாரிலும் வார்ப்பு வேலை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் குடும்பத் தொழில். நாச்சியார்கோவிலில் வண்டல் மண்ணைப் பெட்டியில் இறுக்கி, மாதிரியைப் பதித்தெடுத்து, அந்தக் குழியில் பித்தளையை ஊற்றுகிறார்கள். அந்த மாதிரி வடிவமே மறுபடியும் உதவும், வேலையும் சுருக்காக முடியும்.

அகன்ற வாய்ச் சமையல் பாத்திரமான மான்னார் உருளிக்குக் களிமண் கருவின் மேல் மெழுகு, அதன்மேல் மறுபடி மண். சூட்டில் மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலம் இறங்கும். செம்பு சுமார் 78 பங்கு, வெள்ளீயம் 22. ஆறியதும் அச்சை உடைத்தே ஆக வேண்டும். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. விளிம்பைச் சுண்டிப் பாருங்கள், மணிபோல் நின்று ஒலிக்கும்.

பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்க உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். விளக்குக்கு நாச்சியார்கோவில், சரி. பாயசத்துக்கு எனக்கு மான்னார் உருளிதான்.